நெல்லோரத்தில் ஒரு தாண்டல்

வேனில் மூன்று பேர் இருக்கிறோம்: நான், என் மகள் ஜெசிந்தா, டிரைவர் மாணிக்கம். ஜெசிந்தா நீளம் தாண்டுதல் போட்டிக்காகச் சிங்கப்பூர் போகிறாள். வெளிநாட்டில் அவளுக்கு இதுதான் முதல் போட்டி. சென்னைக்குப் போகும் வழியில், திருப்பனந்தாளைக் கடந்ததும் டயர் பஞ்சராகிறது. அவள் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருக்கிறதா என்று மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன்.

என் பெரிய பயம் வேறு. ஓடிவரும் வேகத்தில் அவள் கால், எழும்ப வேண்டிய வெள்ளைப் பலகையைத் தாண்டி மிதித்துவிடுகிறது. அப்படி மிதித்தால் எவ்வளவு தூரம் தாண்டினாலும் கணக்கில் வராது.

பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மகள் சிங்கப்பூர் போகிறாள் என்று நான் சொன்னதும், அதைக் காலால் கிளறிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாள் கேட்கிறார். "பாப்பா வீட்டு வேலைக்குப் போவுதா? ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டுனீங்க?"

"ஏஜெண்ட் இல்லீங்க. நீளம் தாண்டப் போவுது."

"தாண்டுறதுக்கு விசா குடுக்குறாங்களா?"

ஜெசிந்தாவுக்குத் தாகம். தண்ணீர்க்குடம் நெல்லுக்கு அந்தப் பக்கம், வைக்கோல் குவியலருகே இருக்கிறது.

"ஷூவோட நெல்ல மிதிச்சிடாதம்மா, சுத்தி வா," என்கிறார் அம்மாள்.

ஜெசிந்தா பின்னால் நடந்துபோய்த் திரும்பி நிற்கிறாள். "கணுக்காலு போயிடும், வேணாம்மா," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஓடிவந்து எழும்பி, வைக்கோலில் விழுந்து சிரிக்கிறாள்.

நான் குனிந்து பார்க்கிறேன். புழுதியில் ஷூ தடம் நெல்லுக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றிருக்கிறது. ஒரு மணிகூட நகரவில்லை. போட்டியில் அவள் பலகையைத் தாண்டி மிதித்துவிடுவதை அம்மாளிடம் சொல்கிறேன்.

"அந்த ஊர்லயும் பலகைக்குப் பதிலா நெல்லக் கொட்டச் சொல்லுங்க," என்கிறார் அம்மாள்.

மாணிக்கம் டயரை மாட்டிவிட்டு ஹாரன் அடிக்கிறார். "இன்னும் ஒரே தடவைப்பா," என்று ஜெசிந்தா சுற்றி வருகிறாள். நேரமாகிறது. நான் அந்தப் பக்கம் போய், வைக்கோலை உதறி மெத்தென்று பரப்பி வைக்கிறேன்.