ஆண்டவருக்குக் கொடுத்த வருஷம்

நான் பிளஸ் டூ முடித்த சமயத்தில் அவர் ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபையில் எல்லோருக்கும் அவர் பாஸ்டர் ஐயா. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஜெபிக்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார், நடுரோடானாலும்.

"காலேஜ் எங்கயும் ஓடிப்போவாதும்மா. ஒரு வருஷம் ஆண்டவருக்குக் குடு" என்றார்.

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா தயங்கினார். நான் தயங்கவில்லை. கையிலிருந்த நர்சிங் சீட்டை விட்டுவிட்டு, பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் அவர் நடத்திய வேதாகமப் பயிற்சிக்குப் போனேன். அங்கே எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாளும் அவரே கஞ்சி கொண்டுவந்தார்.

வருஷம் முடியும்போது அவருடைய மகள் லீவுக்கு வந்தாள். என் வயதுதான். நர்சிங் முதல் வருஷம் படிப்பதாகச் சொன்னாள். நேராக அவரிடம் போனேன்.

"ஐயா, உங்க பொண்ண ஏன் இந்தப் பயிற்சிக்கு அனுப்பல?"

"அவளுக்கு சீட்டு கெடச்சிடுச்சும்மா. விட்டா மறுபடி கெடைக்குமா?"

"எனக்கும் கெடச்சுதே ஐயா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஜெபம் பண்லாம்மா" என்றார். அன்று நான் கண்ணை மூடவில்லை. அவர் கன்னத்தில் நீர் வழிந்தது.

அடுத்த வருஷம் எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. இப்போது அப்பாவோடு கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பாஸ்டர் ஐயா வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. என்னை ஆண்டவரிடம் அத்தனை தைரியமாக ஒப்படைத்தவருக்கு, சொந்த மகள் என்றதும் ஏன் பயம் வந்தது?