வெளிப்பக்கக் கொண்டி

ஓய்வு பெற்ற பிறகு கிருபைராஜ் ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, அதன் முதுகில் தகரமும் பலகையுமாக ஓர் அறை கட்டினார். உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. காற்றுக்குக் கூரையில் ஒரு திறப்பு. பாளையங்கோட்டையில் அவர் தெருவே வந்து பார்த்தது. “இனி லாட்ஜ் எதுக்கு? அருவி அருவியாப் போவோம்” என்றார். அவர் மனைவி சுகிர்தாவும் சந்தோஷப்படத்தான் செய்தாள். பெண்கள் பள்ளி விடுதியில் காப்பாளராக இருந்தவள் அவள். சாயங்காலமானால் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியே அவளது வேலைக்காலம் கழிந்திருந்தது.

மணிமுத்தாறு, களக்காட்டுத் தலையணை, திருக்குறுங்குடிக்கு மேலே நம்பியாற்றுப் பள்ளம் என்று பாறைத்தடம் பிடித்து நடந்தார் கிருபைராஜ். போன இடத்திலெல்லாம் நனைந்தார். சுகிர்தா ஓரிடத்திலும் நனையவில்லை.

காரணம் குரங்கு. மணிமுத்தாறில் இருவரும் இறங்கி நாலடி வைப்பதற்குள் ஒரு கிழட்டுக் குரங்கு கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்து அரிசியை வாரி இறைத்தது. ஊர் திரும்பியதும் அவர் கதவின் வெளிப்பக்கம் ஓர் இரும்புக் கொண்டி அடித்தார். கூரைத் திறப்பின் மூடியோ மலைச்சாலை வளைவொன்றில் காற்றோடு போயிருந்தது. ஆள் உள்ளே இருந்தால் குரங்கு இறங்காது என்பது அவர் கணக்கு. ஆக, அவர் குளிக்கப் போகும்போது அவள் உள்ளே; கொண்டி வெளியே.

“உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வேணும்லா?” என்று அவள் கேட்டதுண்டு.

“பைய மாட்டிக்கிடலாம்.”

அவள் இருந்ததால் தாழ்ப்பாளுக்கும் அவசரமில்லை, மூடிக்கும் அவசரமில்லை. அவர் திரும்பி வரும்போது கூட்டம் அதிகமாகியிருக்கும், அல்லது அவருக்குப் பசிக்கும், அல்லது செக்போஸ்ட் கேட்டை மூடும் நேரமாகியிருக்கும். அவர் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே வருத்தப்படுவார்.

அன்று பாபநாசத்துக்கு மேலே, அகத்தியர் அருவி. வழியிலேயே சுகிர்தா சொல்லிவிட்டாள்: “இன்னைக்கு மொதல்ல நான் குளிக்கேன்.”

“சரிங்கேன்” என்றார். வண்டியை நிறுத்தியதும் துண்டைத் தோளில் போட்டார். “பொம்பளைங்க பக்கம் நெரிசலாக் கெடக்கு, பாரு. தலையக் காட்டிட்டு ஓடியாந்திருதேன். பெறவு நீ ஆற அமரக் குளி.”

அவள் பதில் சொல்வதற்குள் கொண்டி விழுந்தது.

தகரம் சூடேறியது. அருவியின் இரைச்சல் மட்டும் உள்ளே வந்தது. பக்கவாட்டுக் கம்பி ஜன்னல் வழியாக, ஈரத்தலையோடு பெண்கள் சிரித்துக்கொண்டு போவது தெரிந்தது. விடுதிக் கதவைத் தான் ஒருநாளும் உள்பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

கூரையில் சத்தம் கேட்டது. திறப்பில் ஒரு வால் தொங்கியது. அடுத்த கணம் குரங்கே கட்டிலில் உட்கார்ந்திருந்தது. குடையை ஓங்கினாள். அது பல்லைக் காட்டியதே தவிர நகரவில்லை. மிக்சர் பொட்டலத்தையும் அவள் சீப்பையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே ஏறிப் போயிற்று.

சுகிர்தா அந்தத் திறப்பை அண்ணாந்து பார்த்தாள். அவள் தோள்கூட அதில் நுழையாது. ஆனால் டிரைவர் இருக்கைக்குப் பின்னால், ஓட்டுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. குடையை அதற்குள் நீட்டி, அதன் நுனியால் ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

“யாருலே அது, ஆளில்லாத வண்டில ஊதுதது?” என்று ஒரு பெண் குரல் அதட்டியது.

“ஆள் இருக்கேன். பின்பக்கம் வா தாயி!”

கொண்டி விலகியது. மாங்காய்க் கூடையோடு நின்றவள் பேச்சித்தாய், அங்கே கீற்றாக நறுக்கி விற்பவள். “என்னக்கா, அண்ணாச்சி உங்களப் பூட்டி வச்சிட்டா குளிக்கப் போயிருக்காவ?”

“குரங்குக்குப் பயந்துதான்.”

“எந்தக் குரங்குக்கு?” என்றாள் பேச்சித்தாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சுகிர்தா துண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவைச் சாத்தவில்லை.

பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து இடம் பிடிக்க வேண்டியிருந்தது. யாரோ ஒருத்தி நகர்ந்துகொடுக்க, தண்ணீர் அவள் உச்சியில் விழுந்தது. அடித்தது என்பதே சரி. மூச்சு முட்டி, வெளியே வந்து, மறுபடி நுழைந்தாள்.

தடுப்புக்கு அந்தப்பக்கம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கிருபைராஜ் அவளைப் பார்த்துவிட்டார். “ஏட்டி! வண்டில யாரு இருக்கா?” என்று கத்தினார். அவளுக்குக் கேட்டது. முதுகைத் திருப்பித் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தாள். அந்தப்பக்கத்திலிருந்து அவர் இங்கே வர முடியாது.

ஆசைதீரக் குளித்துத் திரும்பியபோது அவர் ரொட்டித் துணுக்குகளையும் அரிசியையும் பெருக்கிக்கொண்டிருந்தார். “போவுததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எங்கேருந்து சொல்ல? உள்ளேருந்தா?”

அவர் துடைப்பத்தைப் பார்த்தார். அதை மூலையில் சாய்த்துவைத்தார். பிறகு, “நடுங்குத. சேலைய மாத்து. நான் டீ வாங்கியாரேன்” என்றார்.

அவள் ஏறினாள். அவர் கதவைச் சாத்தினார். அக்கறையாகத்தான் சாத்தினார். பழகிய கை, கொண்டியையும் போட்டது.

செருப்புச் சத்தம் கடைப்பக்கம் போய்த் தேய்ந்தது. சுகிர்தா சேலையை மாற்றினாள். ஈரச்சேலையைக் கட்டிலின் மேல் விரித்தாள். பிறகு, அவர் வரட்டும் என்று காத்திராமல், குடையை எடுத்து அந்தச் சின்ன ஜன்னலுக்குள் நீட்டினாள்.