தாண்டிப் போன முதல் வரி

அலுவலக மெயில்களில் முதல் வரி வெறும் மரியாதைப் பேச்சு என்று அதைத் தாண்டிவிட்டுப் படிப்பேன். அந்த வேகத்தில் எனக்குப் பெருமை வேறு.

அன்று வாடகைக் காரில் சிறுசேரி அலுவலகத்துக்குப் போகையில் புனே மாற்றல் பற்றி மெயில் வந்தது. கீழே இருந்த பட்டியலில் என் பெயர். மனைவிக்கோ ஒன்பதாம் மாதம். ஆத்திரத்தில் ராஜினாமாவே எழுதிவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் டிரைவர்.

"புனேவுக்குத் தூக்கிட்டாங்கண்ணா."

"அதுல இன்னா எழுதிகீது? படி சார், கேப்போம்."

அவருக்காக முதல் வரியிலிருந்து தமிழில் சொன்னேன். "கீழே உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோரும் புனேவுக்கு..." எனக்கு மூச்சு வந்தது. ராஜினாமாவை அழித்தேன்.

இப்போதும் வேகமாகத்தான் படிக்கிறேன். முடித்ததும், 'அதுல இன்னா எழுதிகீது?' என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் வராவிட்டால் முதல் வரிக்குத் திரும்பிவிடுவேன்.