சாய்மானத்தின் இடது பாக்கெட்

டிரைவர் எங்கே உட்கார்ந்தாலும், அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்றுதான் புதிதாய்ப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். யாராவது ஒரு நல்லவர் பேப்பரை நாலாய் மடித்துக்கொண்டு, முட்டுக் கொடுக்கக் குனிந்தும் விடுவார்.

"நாற்காலி நேராத்தாங்க இருக்கு. மனுஷன்தான் கோணல்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அது அவருடைய மனைவி.

கோணலுக்குக் காரணம் இடது பின் பாக்கெட். அதில் ஒரு பர்ஸ். பர்ஸ் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பாதிச் செங்கலைத் தோலில் சுற்றி வைத்தது மாதிரி இருக்கும். அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் அவர் தினமும் ஊருக்குள் பஸ் ஓட்டுகிறார். இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். டிப்போவில் அவருக்குச் சாய்மானம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அண்ணே, வலது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கே வேணாம், நீங்க உக்காந்தாலே போதும்" என்பார் அவருடைய கண்டக்டர்.

கண்டக்டர் பேசலாமா? அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அதே பேனாவை பஸ் முழுக்கத் தேடுகிற ஆள். சொந்தக் காசைச் சாக்ஸுக்குள் வைத்திருப்பார். டீ குடித்துவிட்டு அவர் காலைத் தூக்கினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். டிரைவரின் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. அவளிடம் ஒரு கைப்பை. அதற்குள் விழுந்த சாவி மறுபடி வெளிச்சத்தைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். ஆனால் அவர்களெல்லாம் நேராக உட்காருகிறார்கள். அதுதான் வித்தியாசம்.

இந்த வீட்டில் பதினைந்து வயதில் ஒரு பெண் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது, வீட்டில் வாலு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஏழு வயதில் அவள் ஒரு தீப்பெட்டி அட்டையில் பல்லிளிக்கும் முகம் வரைந்து, அப்பா குளிக்கிற நேரத்தில் அந்தப் பர்ஸின் உள்ளறையில் செருகிவைத்தாள். கண்டுபிடித்துத் திட்டுவார் என்று சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தார், முகம் கழுவினார், சாப்பிட்டார், தூங்கினார். ஒரு வார்த்தை இல்லை.

வாலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் ரயில் ஏறியது மாதிரி நசுக்கிய ஒரு சோடா மூடி. அதற்கடுத்து உடைந்த சீப்பின் பாதி. பிறகு, 'இந்தப் பர்ஸைத் திருடுபவன் மடையன்' என்று ஒரு சீட்டு. எட்டு வருடம் போயிற்று. ஒருநாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. பழைய டிக்கெட்டோடு சேர்த்து எங்கேயோ உதறிவிடுகிறார், மனுஷனுக்குக் கண் ரோட்டில்தான் இருக்கிறது என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள். இருந்தாலும் கை சும்மா இருக்குமா?

இப்படியிருக்கையில் டிரைவருக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கிளட்ச் மிதிக்கிற கால். இறங்கும்போது படியில் நின்று, யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி அதை உதறிக்கொண்டு நிற்பார். கடைசியில் கண்டக்டர்தான் அவரை டிப்போ டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வீடு வரை கூடவே வந்தார்.

"டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கண்ணே."

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப நான் சொல்றேன். அண்ணி, இவரைக் குப்புறப் படுக்கவெச்சு இடுப்பை அமுக்கிப் பாத்தாரு டாக்டரு. முகம் மாறிடிச்சு. எத்தனை வருஷமா இந்தக் கட்டி இருக்குன்னு கேட்டாரு."

"ஐயோ, கட்டியா!"

"பர்ஸு, அண்ணி!"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்டக்டரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார். டாக்டர் பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறார். பின் பாக்கெட்டில் எதையும் வைக்கக்கூடாது, நேராக உட்கார வேண்டும். பதினாறாம் நாள் மறுபடி பார்க்கும்போதும் கால் மரத்திருந்தால் ஸ்டியரிங் கிடையாது. தொலைந்த பொருள் கவுண்ட்டரில் உட்கார வேண்டியதுதான்.

"மறந்துட்டுப் போன குடைக்கெல்லாம் காவலா உக்காரச் சொல்றான்" என்றார் டிரைவர். விளையாட்டாகச் சொல்லத்தான் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஊரைக் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தே பழகிய மனுஷன். ஒரு ஜன்னல் ஓட்டைக்குப் பின்னால் அவரை வைத்து வாலுவால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே பர்ஸுக்கு வீடு மாற்றும் வேலை ஆரம்பித்தது. சட்டைப் பையில் வைத்தார். டயர் பார்க்கக் குனிந்தபோது பொத்தென்று சாக்கடை ஓரம் விழுந்தது. பேன்ட் முன் பாக்கெட்டில் வைத்தார். ஒவ்வொரு கியருக்கும் தொடையை ஒரு குத்து. சாப்பாட்டுப் பையில் வைத்தார். குழம்பு கொட்டி, பர்ஸைத் திறந்தால் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பசி எடுத்தது. கண்டக்டரின் தோல்பையில் கொடுத்தார், நிறுத்தத்துக்கு நிறுத்தம் திரும்பிப் பார்த்து, "இருக்கா?" என்று கேட்டார். "இருக்குண்ணே, இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குது" என்றார் அவர். நாலாம் நாள் பர்ஸ் மறுபடி இடது பின் பாக்கெட்டுக்கே வந்து சேர்ந்தது.

"கொஞ்சம் காலி பண்ணித் தொலைங்களேன்! அப்படி என்னத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"முக்கியமான பேப்பருங்க."

"குடுங்க, நான் பாக்கறேன்."

"தொடாதே!"

அவர் அப்படிக் கத்தி வாலு பார்த்ததில்லை. சரி, இவரிடம் கேட்டால் ஆகாது, நமக்குத் தெரிந்த தொழிலைத்தான் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனதும் கொடியில் தொங்கிய பேன்ட்டிலிருந்து பர்ஸை உருவிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். எட்டு வருடமாகத் திணித்தே பழகிய கை. எடுப்பது இதுதான் முதல் தடவை.

லைசென்ஸ் இருந்தது. நாலைந்து நோட்டு இருந்தது. அவ்வளவுதான் அவருடைய சொத்து. மீதி முழுக்கப் பல்லிளிக்கும் முகம், சோடா மூடி, பாதிச் சீப்பு, மடையன் சீட்டு, சீட்டுக்கட்டு ஜோக்கர், அவள் கிறுக்கிய இலவச பஸ் பாஸ். ஒன்றுகூடக் குறையவில்லை.

தீப்பெட்டி அட்டையைத் திருப்பினாள். டிரைவர்கள் டிரிப் ஷீட்டில் எழுதுகிற அதே கட்டைக் கையெழுத்தில் தேதி போட்டு எழுதியிருந்தது: 'பிடிபட்ட நேரம் 7.40. இடம்: மேம்பாலம் சிக்னல்.' சோடா மூடிக்குள் எழுத இடமில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுற்றியிருந்தார். 'பிடிபட்ட நேரம் 2.15. உக்காந்ததும் குத்திச்சு.' ஒவ்வொன்றுக்கும் இப்படி. போன மாதம் வைத்த ரப்பர் பல்லிக்கு மட்டும் குறிப்பு கொஞ்சம் நீளம்: 'பிடிபட்ட நேரம் 9.05. இடம்: பெட்ரோல் பங்க். பங்க் பொண்ணு அலறிடிச்சு.'

வாலு அந்தப் பல்லியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். சிரிப்புத்தான் வந்தது. மூக்கு வேறு எதற்கோ ஒழுகியது, வெயிலாக இருக்கும். அந்த இடது கால் மரத்துப்போனதில் முக்கால்வாசி தன் கைங்கரியம் என்பது அப்போதுதான் மெள்ள உறைத்தது. பிறகு எல்லாவற்றையும் பாவாடையில் கொட்டிக்கொண்டு, லைசென்ஸையும் நோட்டையும் மட்டும் பர்ஸில் வைத்து, அதைப் பழைய இடத்தில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை டிரைவர் ஷூ போடக் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். பின்னால் தட்டிப் பார்த்தார். பர்ஸை எடுத்தார், விரித்தார். காற்றுப் போன ட்யூப் மாதிரி தொங்கியது.

"எங்க?" என்றார்.

"எது எங்கப்பா?"

"உனக்குத் தெரியும் எதுன்னு."

"தொலைஞ்ச பொருள் கவுண்ட்டர்ல கேட்டுப் பாருங்களேன்."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஒரு ஷூவை மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையையும் சீட்டில் போடும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் ஒரு புது வம்போடு வந்தார். "அண்ணி, நம்ம சாஞ்ச கோபுரம் இப்ப அந்தப் பக்கம் சாயுது!"

பர்ஸ் போனாலும் பள்ளம் போகவில்லை. டிரைவர் வருடக்கணக்காய்க் கொண்டுபோய்க் கொண்டுவருகிற மெத்தை அது. இடது பக்கத்தில் பர்ஸ் அளவுக்கு அச்சாகக் குழி விழுந்திருந்தது. மேடு இல்லாததால் இப்போது மனுஷன் நேராக அந்தக் குழிக்குள் இறங்கிவிட்டார். தவணை முடியப் பத்து நாள்தான் பாக்கி.

வாலு அன்றைக்கே மெத்தையைப் பிரித்தாள். தன் சாமானையெல்லாம் அம்மாவின் பழைய துண்டில் தட்டையாய்ப் பரப்பி, சோடா மூடியையும் சீப்பையும் கீழே தள்ளி, மேலே இரண்டு மடிப்புப் பஞ்சு வைத்து, குழிக்குள் இறக்கித் தைத்தாள். தையல் பூரான் ஊர்ந்தது மாதிரி இருந்தது. பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"ரெண்டு நிமிஷம் இதுமேல உக்காரும்மா."

"எனக்கு வேலை இருக்குடி."

"உக்காரு! மடியில இந்தத் தட்டை வெச்சுக்கோ. ஆடாதே."

தட்டின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தாள். அது இடது பக்கம் ஓடியது. பிரித்து இன்னும் கொஞ்சம் பஞ்சு. வலது பக்கம் ஓடியது. பிரித்துக் கொஞ்சம் குறைத்தாள். ஐந்தாவது தடவை அம்மா, "நான் என்ன தராசாடி?" என்று கத்திய நேரத்தில் குண்டு நடுவிலேயே நின்றுவிட்டது.

டிரைவர் மறுநாள் எதையும் கேட்கவில்லை. மகளிடம் பேச்சையே குறைத்திருந்தார். ஆனால் வியாழக்கிழமை கண்டக்டர் வந்து, "அண்ணே நேரா உக்காந்திருக்காரு, டிப்போவுல யாருக்கும் அடையாளம் தெரியல" என்றார். அடுத்த வாரம் படியில் நின்று காலை உதறுவது பாதியாய்க் குறைந்தது. பிறகு நின்றே போனது.

பதினாறாம் நாள் டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், முட்டியைத் தட்டினார், ஊசி முனையால் குத்தினார். "ஆ!" என்று டிரைவர் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்த வாலு எழுந்தே நின்றுவிட்டாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மெத்தையை பெஞ்சில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மகளைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பவாவது சொல்லு. குப்பையில போட்டியா?"

"எதை?"

"அந்தப் பல்லியை. எல்லாத்தையும்."

"அதுமேலதான் உக்காந்திருக்கீங்க."

அவர் எழவில்லை. கையை மட்டும் இடது பக்கம் கொண்டுபோய், அந்தப் பூரான் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "சொல்லித் தொலைக்கக்கூடாதா, கழுதை" என்றார். அந்தக் கழுதையில் ஒரு உதைகூட இல்லை.

அதன்பிறகு ஸ்டியரிங்கை விட்டு இறங்குமுன் அவர் தட்டிப் பார்ப்பது பாக்கெட்டை அல்ல, மெத்தையை. பர்ஸ் மெலிந்துபோய் முன் பாக்கெட்டில் சாதுவாய்க் கிடக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் காம்பஸ் எடுக்க வாலு டப்பாவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் தேள் துள்ளி, பக்கத்துப் பெண்ணின் நோட்டில் விழுந்தது. வகுப்பே அலறியது. டீச்சர் அவளை வெளியே நிற்கவைத்தார். தேளின் வாலில் டிரிப் ஷீட்டில் கிழித்த ஒரு துண்டு சுற்றியிருந்தது. கட்டைக் கையெழுத்தில், 'பிடிபட்ட நேரம்:' என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தது.

வராந்தா கடிகாரத்தை எட்டிப் பார்த்து அவள் அதை நிரப்பினாள். பாவாடைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டாள்.