காதில் விழாத எட்டு நாள்

தவமணி ரொறன்ரோவுக்கு வந்து ஏழு வருடம். ஆனால் ரொறன்ரோவை அவள் பார்த்ததில்லை. மல்வேர்னில் வீடு, அதற்கு முன்னால் பஸ் தரிப்பு, பஸ் போய் நிற்கும் இடத்தில் பிஸ்கட் பெட்டி ஒட்டும் தொழிற்சாலை. அவளுடைய கனடா அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. கணவன் பத்மநாதன், அவனுடைய தாய், தங்கை கஜனி என்று அவளோடு நான்குபேர் அந்த வீட்டில். வாய் திறந்து ஒன்று கேட்பதற்கு முன்னால் நாலு தரம் யோசிக்கிற பிறவி அவள்.

தொண்ணூற்றியேழாம் ஆண்டு மே மாதம் கஜனிக்குக் கலியாணம் நடந்தது. வெள்ளிக்கிழமை தாலி ஏறியது. சனிக்கிழமை காலை மாமி ஒரு பையைக் கொண்டுவந்து தவமணியின் முன்னால் வைத்தார்.

"ரெண்டுபேரும் எங்கையும் போய்த் தங்கிப்போட்டு வாங்கோ. லோங் வீக்கென்ட் தானே. நாலாம் சடங்குக்குத் திங்கள் காலமை வந்தால் காணும்."

"சமையல் ஆர் மாமி பாக்கிறது?"

"நான் என்ன செத்தே போனன்? போ பிள்ளை."

மாமி தன்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டது எப்போது என்று தவமணி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. வெளிக்கிடும்போது அவள் கணவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை போன் எடுத்தவரே? ஐயாவுக்கு எப்பிடியாம்?"

அவளைப் பெற்ற ஐயா வவுனியாவில் இருந்தார், அவளுடைய தங்கச்சி வீட்டில். நெஞ்சுவருத்தக்காரர். அவரைப் பற்றிய செய்தி எதுவானாலும் பாரிஸில் இருக்கும் அண்ணன் நவரட்ணத்துக்குத்தான் முதலில் போகும். அவன் அங்கிருந்து தவமணிக்கு எடுத்துச் சொல்லுவான். கலியாணக் கிழமை முழுக்க வீட்டில் போன் அடித்தால் பத்மநாதனே ஓடிப்போய் எடுத்தான். அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். அவனும் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொன்னான்.

"ஓம், எடுத்தவர். சுகமாம். இந்தச் சத்தத்துக்குள்ளை என்னெண்டு கதைக்கிறது? சடங்கெல்லாம் முடியட்டும், ஆறுதலா எடுப்பம்."

ஹோட்டல் அறை பதினோராம் மாடியில். வெள்ளை விரிப்பில் இருக்கப் பயந்து அவள் கதிரையில் இருந்தாள். பின்னேரம் சைனா ரவுனுக்கு நடந்தார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு கிடந்த நண்டைக் காட்டி, "அது வேணுமோ?" என்று பத்மநாதன் கேட்டான். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டுப் பிரட்டிய நண்டு வந்தது. அவனே ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, அவள் தட்டில் வைத்தான்.

"என்ன இது, எனக்குக் கை இல்லையே?" அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சாப்பிடும், சாப்பிடும். நல்லாச் சாப்பிடும்."

ஆனால் அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே உடைத்துக்கொண்டிருந்தான். தவமணி அதைக் கவனித்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு கூச்சமாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நண்டுக்காலைச் சப்பினாள். ருசியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சி.என். ரவர் என்ற உயரக் கோபுரம். மேலே கண்ணாடித் தரை இருந்தது. கீழே கார்கள் எறும்பாக ஊர்ந்தன. சனம் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்க, தவமணி செருப்போடு நேரே நடுவுக்குப் போய் நின்றாள். பத்மநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வாரும் இஞ்சாலை, விழப்போறீர்" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

கீழே இறங்கியதும், நுழையும்போது பிடித்த படத்தை வாங்க அவன் வரிசையில் போய் நின்றான். சுவரோரம் பொதுத் தொலைபேசிகள் இருந்தன. அவளுடைய கைப்பையில் ஒரு போன் காட் கிடந்தது. அண்ணைக்கு இதைச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"அண்ணை, நான் தவம். எங்கை நிக்கிறன் சொல்லுங்கோ பாப்பம்?"

அவன் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"ரவரிலை! கண்ணாடிக்கு மேலை ஏறி நிண்டனான் அண்ணை. இவர் பயத்திலை சுவரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு..." அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"சிரிக்கிறாய் என்ன" என்றான் நவரட்ணம்.

"ஏன், சிரிக்கக்கூடாதே?"

"நேற்று ஐயாவின்ரை எட்டு. நான் இஞ்சை ஒருத்தனா நிண்டு சமைச்சு, படத்துக்கு முன்னாலை படைச்சனான். நீ ரவர் ஏறிச் சிரிக்கிறாய்."

"எந்த ஐயா?" என்று கேட்டாள் தவமணி.

"எங்களுக்கு எத்தினை ஐயா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் கையில் போனோடு அப்படியே நின்றாள். எட்டு என்றால் செத்து எட்டாம் நாள். அதை விளங்கிக்கொள்ளவே அவளுக்கு நேரம் எடுத்தது. பத்மநாதன் படத்தோடு வந்தான். "இஞ்சை பாரும், நல்லா வந்திருக்கு."

"ஐயா எப்ப செத்தவர்?"

"உமக்கு ஆர் சொன்னது?"

என்ன சொல்கிறாய், யார் செத்தது என்று அவன் கேட்டிருந்தால், ஒருவேளை அண்ணைக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று அவள் நம்பியிருப்பாள்.

"இதிலை வைச்சுக் கதைக்கவேண்டாம் தவம். சனம் பாக்குது."

"சனத்துக்குத் தமிழ் விளங்காது. சொல்லுங்கோ."

"போன சனிக்கிழமை. நித்திரையிலை போயிருக்கு." அவன் குரலை இறக்கினான். "நான் என்ன செய்ய? ஹோல், கலியாணக் காட், சனம் எல்லாம் சொல்லியாச்சு. கஜனி தகப்பன் இல்லாத பிள்ளை. நானும் நீரும் சோடியா நிண்டுதானே தாரை வாக்கவேணும்? உமக்குத் தெரிஞ்சால் துடக்கு, தீட்டு. பிறகு கலியாணம் இல்லை. காதிலை விழுந்தால்தான் துடக்கெண்டு பெரியாக்களே சொல்லியிருக்கினம். நாளைக்குச் சடங்கு முடியச் சொல்லத்தான் இருந்தனான்."

"உங்கடை காதிலை விழுந்ததுதானே?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கேட்டுப்போட்டுத்தானே தாரை வாத்தனீங்கள்?"

அவன் குனிந்துகொண்டான். கையிலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமிக்குத் தெரியும் என்ன?"

"அம்மாதான் சொன்னவ, இப்ப சொல்லவேண்டாமெண்டு. கஜனிக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

தவமணிக்கு அழுகை வரவில்லை. கூறைச்சேலை கட்டிய கஜனிக்குப் பக்கத்தில், தலை நிறையப் பூவோடு, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற தன் கையைத்தான் பார்த்தாள். ஐயா செத்து ஆறு நாள் அப்போது. யாரும் செத்தால் கூப்பிடாமலே போய் ஒப்பாரிக்குக் குந்துகிறவள் அவள். சொந்தத் தகப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நண்டு சப்பியிருக்கிறாள். போனுக்கு அவன் ஓடியதையும், மாமி பிள்ளை என்று அழைத்ததையும், அவன் முகம் கொடுக்காததையும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கத் தெரிந்தவளுக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை.

அவள் மறுபடி போனை எடுத்தாள். பத்மநாதன் கிட்ட வந்தான்.

"அண்ணையிட்டை ஒண்டும் விளக்கமாச் சொல்லவேண்டாம். பிறகு அந்தாள் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? ஒரு கிழமையா மயக்கத்திலை கிடந்தனான், மனம் ஆறட்டுமெண்டு இவர் கூட்டிக்கொண்டு வந்தவரெண்டு சொல்லும். அவருக்கும் கோபம் போகும்."

நல்ல பொய்தான். அவளுடைய பெயரும் தப்பும், அவனுடைய பெயரும் தப்பும். வேலை போனதை மறைக்க, வராத விருந்துக்குச் சாட்டுச் சொல்ல, அவன் சொல்லித் தந்ததை எத்தனையோ தரம் அவள் அச்சுப் பிசகாமல் ஒப்புவித்திருக்கிறாள்.

இலக்கங்களை அழுத்தினாள், அங்கே மணி அடித்தது. நவரட்ணம் எடுத்தான்.

"போனை வையாதேங்கோ அண்ணை."

"என்ன இருக்கு இனி?" அவன் குரல் கரகரத்தது. "அண்டைக்கு நான் எடுக்கேக்கை, நீ அழுது மயங்கிக் கிடக்கிறாய், போனுக்கு வரேலாதெண்டு மச்சான் சொன்னவர். பேந்து எடுக்கவும் அதேதான். தண்ணியும் குடிக்கேல்லையாம். உன்னை நினைச்சும் அழுதனான் பிள்ளை."

தவமணி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், சொல்லு, சொல்லு என்பதுபோல.

"இல்லை அண்ணை. அண்டைக்கு நான் அடுப்படியிலை நிண்டு பயத்தம்பணியாரம் சுட்டனான். கலியாணத்துக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

பாரிஸில் ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது. பிறகு, "என்ரை ஆச்சி!" என்றான் அண்ணன். அந்தச் செல்லச் சொல்லில்தான் அவளுக்கு உடைந்தது. சனம் திரும்பிப் பார்க்க, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊரில் அழுவதுபோலவே சத்தம் வைத்து அழுதாள். படம் வாங்க நின்ற வரிசை ஒரு கணம் அசையாமல் நின்றது.

பத்மநாதன் அவள் தோளில் கையை வைத்தான்.

"தொடாதேங்கோ" என்றாள். "எனக்குத் துடக்கு."

அவன் கை தானாக விலகியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, முகத்தைத் துடைத்து, போனைக் காதில் வைத்தாள்.

"ஐயா எப்பிடிப் போனவர் அண்ணை? முதலிலையிருந்து சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."