புத்தூர் கட்டு போடாத கால்

போன மாதம் என் மச்சினன் குமாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க நின்றபடியே வேலை. கால் போனால் பிழைப்பே போச்சு.

எங்கள் பக்கத்தில் கால் வீங்கினால் யாராவது யோசிப்பார்களா? நேராகப் புத்தூர்தான். என் கை, அண்ணன் தோள், மாமியார் மணிக்கட்டு – எல்லாமே புத்தூர் கட்டில் கூடிய எலும்புகள். தறியில் இடித்துக்கொண்டிருப்பான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, சித்தூரிலிருந்து காரில் போய் அவனை ஏற்றிக்கொண்டேன். முழங்காலில் ஒரு பரு வந்ததையும், அதை அழுக்குக் கையால் கிள்ளியதையும் வழியில் சொன்னான். பருவுக்கும் எலும்புக்கும் என்னடா சம்பந்தம் என்று வாயை அடைத்துவிட்டேன்.

கட்டுப் போடுகிறவர் வீக்கத்தின் மேல் புறங்கையை வைத்தார். முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஒரு கட்டுப் போட்டு அனுப்புவதில் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்... மனிதர் அசையவில்லை.

"சார், இது எலும்பு இல்ல. தொட்டா சுடுது, உள்ள சீழ் கீது. இத்த இறுக்கிக் கட்டுனா காலு பூடும். ஒடனே திருப்பதிக்கு இட்டுக்கினு போங்க."

அதற்குள் குமாருக்குக் குளிர் ஜுரம். பின் சீட்டில் முனகிக்கொண்டே வந்தான்.

திருப்பதி டாக்டர் கீறிச் சீழை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். வந்த பெயர் – ஸ்டஃபைலோகாக்கஸ். பெயர்தான் பெரிசு. நம் தோலிலும் பலருடைய மூக்கிலும் சும்மா கிடக்கிற பாக்டீரியாதானாம். தோலில் ஒரு கீறல் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சில வகை, வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது, அதற்குத்தான் டெஸ்ட். வலி போனதும் மாத்திரையை நிறுத்தாதே, உன் டவலை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று குமாரிடம் இரண்டு தரம் சொன்னார்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதான் போடலியே என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டார்.

குமார் இப்போது மறுபடி தறி ஓட்டுகிறான். "எங்க மாமா இல்லன்னா என் காலு பூட்டிருக்கும்" என்று நகரி முழுக்கச் சொல்லிக்கினு திரிகிறானாம். நானும் இதுவரை மறுக்கவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன் குமார் – உன் காலைக் காப்பாற்றியவர், நான் அவ்வளவு கத்தியும் கட்டுப் போடாத அந்த மனிதர்!