நாற்பத்தொன்றாவது பொட்டலம்

வாழையிலையில் மடித்து, தினத்தாள் சுற்றி, வெள்ளை நூலால் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலத்தை எங்கே கண்டாலும் எனக்கு மதினியின் மடிதான் நினைவுக்கு வருகிறது.

மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். விசாரணைக்கென்று போலீசார் அழைத்துப்போன லோடு ஆட்டோக்காரர் ஒருவர் கை ஒடிந்து திரும்பிவந்தார். அடித்தவர்கள்மீது நடவடிக்கை கேட்டுச் சாலையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் மதினி இருந்தார். பதினொரு மணிக்குக் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மதியம் சோறு போட்டு மாலையில் விட்டுவிடுவார்கள். மறியல் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

ஏட்டையா ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். "மனு எழுதுனது நீங்கதானே சார்? எழுத்து அச்சு மாதிரி இருக்கு. எல்லாரு பேரு, வயசு, தகப்பன் பேரும் எழுதிக் குடுத்துருங்க. சாப்பாடு சொல்லணும்."

கோடு போட்டு, வரிசை எண் இட்டு எழுதினேன். மதினி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போறாங்க? இம்புட்டு அழகா எழுதுறீங்க!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மக பேரையும் சேத்துப் போடுங்க. போலீசு பரீட்சைக்குப் படிக்கிறேன்னு வீட்டுல காலையிலேருந்து பட்டினியாக் கெடக்கா. ஒரு பொட்டலம் கூட வந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். நாற்பத்தொன்றாவதாக அவள் பெயரை எழுதினேன். மாலையில் மதினி அந்தப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

'நான் போலீசானா யாரு கையையும் ஒடிக்க மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே படித்த பெண் அவள். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறினாள். நன்னடத்தை விசாரணையில் நிறுத்திவிட்டார்கள். மறியலுக்காக எங்கள்மீது போட்டிருந்த வழக்கில் அவள் நாற்பத்தொன்றாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவள். சோற்றுக்கு எழுதிய தாளே வழக்கின் பட்டியலாகியிருந்தது. அவள் மறியலுக்கே வரவில்லை என்று காட்ட, என் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக் காவல் அலுவலகத்துக்கு ஓடினேன். அன்றைய பக்கத்தில் 'நாற்பது பேர். பொட்டலம் நாற்பத்தொன்று' என்று எழுதியிருந்தேன். அதிகாரி நாட்குறிப்பையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒங்க எழுத்துதானங்க. எதை நம்பச் சொல்றீங்க?"

வழக்கு ஒருவழியாகத் தள்ளுபடியானபோது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. பட்டியலின் நகலைப் பார்த்துவிட்டு, "என் வயசக்கூட சரியா எழுதியிருக்கீங்க, சித்தப்பா" என்றாள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

காவல்துறைச் சீர்திருத்தம் பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். நிலையத்துக்குள் கேமரா, புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் என்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். சோற்றுக்கு எழுதும் பெயர் சோற்றோடு முடிய வேண்டும் என்பதையும் யாராவது சொல்வார்களா என்று கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பேன்.

போன மாதம் குடிநீருக்காக மறுபடி மறியல். அதே மண்டபம். மதினிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓர் இளம் காவலர் தாளை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. "அவங்கவங்க பேர அவங்கவங்களே எழுதட்டுங்க" என்றேன். மதினி பேனாவை வாங்கித் தன் பெயரை மட்டும் மெல்ல எழுதினார்.

பொட்டலம் வந்தது. நூலை அறுக்காமல் அவிழ்த்து, பாதியைச் சாப்பிட்டார். மீதியை அதே இலையில் மடித்து, அதே நூலால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.